அண்ணன் காருக்கு ஆவடிக் காவல்

என் கல்யாணத்துக்குப் பிறகு எட்டு வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காத அண்ணன், ஒரு நாள் காலையில் கப்பல் மாதிரி ஒரு காரில் வந்து இறங்கினார். தங்கச்சியைப் பார்க்க வரவில்லை. காரை நிறுத்த இடம் தேடி வந்திருந்தார்.

எண்பதுகளின் கடைசி அது. ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு, எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே மஞ்சள் வர்ணம். எங்களைப் பார்க்க வந்த விருந்தாளிகள் வேறு கட்டடத்தில் நுழைந்து, யார் வீட்டு நாற்காலியிலோ உட்கார்ந்து, காபியும் குடித்துவிட்டு வந்த கதையெல்லாம் உண்டு. எங்கள் தெருவில் அதுவரை நின்றவற்றில் பெரிய வண்டி கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் டெம்போதான். மற்றபடி சைக்கிள்கள், வசதியானவர்களிடம் ஸ்கூட்டர்.

அந்தத் தெருவில் இந்தக் கார். ஊருக்குத் திரும்பிப் போன வெளிநாட்டு அதிகாரி ஒருவருடையதை அண்ணன் ஏலத்தில் எடுத்திருந்தார். கன்னங்கரேலென்று, முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போலப் பளபளத்தது. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்களுக்கு நான் எதற்கு ஓசியில் விளம்பரம் செய்ய வேண்டும்?

அண்ணன் காரை விட்டு இறங்கி, வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். “உள்ள வாங்கண்ணே” என்றேன். காது கேட்காதவர் மாதிரி தெருவை மேலும் கீழும் பார்த்தார்.

“நான் சிங்கப்பூர் போறேன். வர ரெண்டு வாரம் ஆகும். எங்க பக்கம் கார் களவு ஜாஸ்தியாயிருச்சு. வெளிநாட்டு வண்டின்னா விடியறதுக்குள்ள ஆந்திரா பார்டரத் தாண்டிருதானுவ. டாங்கியவே பத்திரமா வச்சிருக்கிற ஊரு இது. என் கார பத்திரமா வச்சிருக்காதா?”

ஆந்திரா போகிற சாலை எங்கள் ஊர்ப் பக்கம்தான் போகிறது, திருடனுக்குப் பாதித் தூரத்தை நீங்களே மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் சாவியை என் கையில் வைத்தார். “காரைப் பாத்துக்க” என்றார். நீ எப்படி இருக்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. விறுவிறுவென்று நடந்து, மின்சார ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் காரை ஓங்கி ஓர் உதை விட்டிருப்பேன். கால்தான் வலிக்கும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் அப்பா சீக்கிரமே போய்விட்டார். கோவில்பட்டியிலிருந்து பட்டணம் வந்து, தோல் வியாபாரத்தில் கால் ஊன்றி, என்னையும் அம்மாவையும் காப்பாற்றியவர் அண்ணன்தான். அவர் தன் கூட்டாளியின் தம்பியை எனக்குப் பேசி முடித்து வைத்திருந்தார். நானோ, அம்பத்தூரில் சித்தி வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் படித்தபோது எதிர் வீட்டில் குடியிருந்த இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். “நட்டு முறுக்கறவன். வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேசத் தெரியாதவன்” என்றார் அண்ணன். கல்யாணத்துக்கு வந்தார், தாலி கட்டியதும் கை நனைக்காமல் போய்விட்டார். பொங்கலுக்குப் பொங்கல் அம்மா கையில் புடவை வரும், அவர் வர மாட்டார்.

அதுகூடப் போகட்டும். எனக்கு ஒரு பெண் பிறந்தாள். காது குத்தவேண்டுமென்றால் தாய்மாமன் மடி வேண்டும். தகவல் சொல்லி அனுப்பினேன், பதில் இல்லை. யாராவது ஒரு சித்தப்பா, பெரியப்பா மடியில் உட்காரவைத்துக் குத்திவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். உயிரோடு ஒரு மாமன் இருக்கும்போது என் பிள்ளை எதற்கு இன்னொருவர் மடியில் உட்கார வேண்டும்? அண்ணனுக்கு இருக்கும் வீம்பில் பாதியாவது எனக்கு இருக்காதா? இப்படியே அவளுக்கு ஆறு வயசாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மற்ற பெண்கள் கம்மல் போட்டு வருவதைப் பார்த்துவிட்டு, அவள் என் ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்துக் காது மடலில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். 

ஆகவே எனக்கு அந்தக் கார் வெறும் கார் இல்லை. பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தால், இத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணன் என் வீட்டுக்குள் வரலாம். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். கார் போய்விட்டாலோ, அண்ணனும் அதோடு போய்விடுவார். அன்று சாயங்காலம் இவர் வேலை முடிந்து வந்ததும் இதையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினேன். கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “ம்” என்றார்.

அந்த “ம்” பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் காலனி ஆண்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. உள்ளே என்ன வேலை பார்க்கிறோம் என்று வீட்டில் மூச்சு விட மாட்டார்கள். ராணுவ ரகசியம், சரி. ஆனால் அது நாளாவட்டத்தில் எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. கத்தரிக்காய் எங்கே வாங்கினீர்கள் என்றால்கூட “அங்கதான்” என்பார்கள். மேல்வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வு வந்த விஷயம், அவர் மனைவிக்கே எங்கள் மூலம்தான் தெரிந்தது. எங்கள் மூலம் தெரிந்ததற்குக் காரணம், என் வீட்டுக்காரர் தூக்கத்தில் உளறியது.

காரைப் பாதுகாக்கும் வேலையை நான் கையில் எடுத்துக்கொண்டேன். முதலில் அதை யார் கண்ணிலும் படாமல் மூட வேண்டும். என் பழைய நூல் புடவைகளையும், நான் அண்ணி என்று கூப்பிடும் அடுத்த வீட்டுக்காரியின் புடவைகளையும் சேர்த்துத் தைத்து ஓர் உறை செய்தோம். போர்த்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், பூப்போட்டதும் கட்டம் போட்டதுமாக அது ஏதோ சாமியார் மடத்துக் கூடாரம் மாதிரி இருந்தது. முன்பு தெரு முனையிலிருந்து பார்த்தவர்கள்தான் கவனித்தார்கள். இப்போது ரயில்வே கேட்டிலிருந்தே விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த வீட்டு அண்ணிக்கு இன்னொரு யோசனை. பொழுது சாயும் நேரத்தில் காரைச் சுற்றிக் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவிவிடுவாள். காலையில் எழுந்ததும் நாங்கள் இரண்டு பேரும் குனிந்து காலடி ஏதாவது பதிந்திருக்கிறதா என்று பார்ப்போம். நாயின் கால், காக்கையின் கால், ஒரு தடவை ஏதோ செருப்பின் தடம். அந்தச் செருப்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க எல்லோர் செருப்பையும் திருப்பிப் பார்த்ததில், அது அண்ணியின் வீட்டுக்காரருடையது என்று தெரிந்தது. கேட்டதற்கு, “சும்மா பாத்துகினு வந்தேன்” என்றார். அவர் பக்கத்தில் இருக்கும் பாடி என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவர். மற்ற எல்லா விஷயத்திலும் ஓயாமல் பேசுகிறவர், அன்று அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

மேல்வீட்டுக்காரரும் ஒரு நாள் வந்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்று, பிறகு தொழிற்சாலையில் சேர்ந்தவர். “சாவியக் குடும்மா, பேட்டரிய ஒரு பார்வ பாக்கணும்” என்றார். கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். “பேட்டரிதான்” என்றார்.

ஒரு மத்தியான வேளையில் நிஜமாகவே திருடன் வந்துவிட்டான் என்று நினைத்தோம். ஆண்கள் எல்லோரும் தொழிற்சாலையில். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். “ஓடியா! ஓடியா!” என்று அடுத்த வீட்டு அண்ணி கத்தினாள். வெளியே போய்ப் பார்த்தால் இரண்டு பேர் புடவையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். முறத்தோடு ஓடினேன். மாடியிலிருந்து ஒருத்தி துணி அலசிய தண்ணீரை வாளியோடு கவிழ்த்தாள். அது பாதி என் மேலும் விழுந்தது.

“அடிக்காதக்கா! திருட வர்லக்கா!” என்று அலறினான் நனைந்தவன். “நமக்கு இங்க பக்கத்துல வெள்ளானூருதாங்க்கா. பொண்ணு பாத்துகினு கீறாங்க. போட்டோ அனுப்பணும். கார் பக்கத்துல நின்னு ஒண்ணே ஒண்ணு எடுத்துகினு பூடறேன். இவுரு ஸ்டூடியோக்காரரு.”

“அடுத்தவங்க கார் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக் குடுத்தா, நாளைக்கு அந்தப் பொண்ணு காரு எங்கன்னு கேக்க மாட்டாளா?” என்றேன்.

“என் காருன்னு எங்க சொன்னேன்? பக்கத்துல நிக்கிறேன், அவ்ளோதான். நிக்கிறது பொய்யா?”

நியாயமாகத்தான் பட்டது. தலையைத் துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்து, புடவையைப் பாதி விலக்கி, கதவில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி, ஒரு போட்டோவுக்கு விட்டோம். எடுக்கிற சமயத்தில் அண்ணி தன் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓரமாக வந்து நின்றதையும் நான் பார்த்தேன். சில மாதம் கழித்து அவனுக்குக் கல்யாணம் கூடி வந்து பத்திரிகை வைக்க வந்தபோதுதான் தெரிந்தது, பெண் வீட்டார் காரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லையாம். பின்னால் நிற்கிற பொம்பளை யார் என்றுதான் கேட்டார்களாம்.

இப்படி நாட்கள் போயின. உண்மையைச் சொன்னால் கலகலப்பாகத்தான் இருந்தது. ஒரே மஞ்சள் வர்ணத்துக்குள் குடியிருந்தவர்களுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தது. எங்கள் வீட்டை அடையாளம் சொல்வதும் சுலபமாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு காலையும் பல்கூடத் தேய்க்காமல் கோலப்பொடியைப் பார்க்கத்தான் ஓடுவேன்.

அண்ணன் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அது சனிக்கிழமை காலை. இவர் ஓவர்டைம் பார்க்கப் போயிருந்தார். வருகிறேன் என்று அண்ணன் முன்னால் தகவலும் சொல்லவில்லை. விமானத்தை விட்டு இறங்கிப் பெட்டியோடு நேராக டாக்சி பிடித்து வந்திருந்தார். அவர் மனைவி, என் மதினியும் பிள்ளைகளும் கோவில்பட்டிக்குப் போயிருந்ததால் பட்டணத்து வீடு பூட்டிக் கிடந்தது. புடவைக் கூடாரத்தைப் பார்த்துவிட்டு, “கார் எங்க?” என்றார். நான் உறையை இழுத்தேன். கார் வைத்தது வைத்தபடி பளபளவென்று இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“பரவால்லயே” என்றார். பிறகு மறுபக்கம் போனார். “ஏ புள்ள! இது என்ன?”

சுவர்ப் பக்கத்து டயர்கள் இரண்டும் காற்றே இல்லாமல் தரையோடு படிந்திருந்தன. அப்போது அடுத்த வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார். அன்று அவருக்கும் மேல்வீட்டுக்காரருக்கும் ஓவர்டைம் இல்லை.

“டென்சன் ஆவாத அண்ணாத்தே. நான்தான் புடுங்கி உட்டேன். டயர்ல காத்து இல்லாங்காட்டி எவன் ஓட்டிகினு போவான்? இரு, பம்பு எடுத்தாறேன்.”

சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பால் அந்த டயர்களுக்குக் காற்றடித்தார்கள். அவர் அடித்தார், மேல்வீட்டுக்காரர் அடித்தார், நானும் நாலு அடி அடித்தேன். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் நிழலுக்குக்கூட வீட்டுக்குள் வரவில்லை. டயர் ஒருவழியாக நிமிர்ந்ததும் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. மேல்வீட்டுக்காரர் கனைத்துக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து, பேட்டரியில் வயரைப் பிடிக்கிற டெர்மினலை எடுத்தார். “பட்டாளத்துல இப்படித்தான் சார் பண்ணுவோம்” என்று சொல்லிப் பொருத்தினார். மறுபடி சாவி. இப்போது என்ஜின் முனகியது, முனகியது, முனகிக்கொண்டே இருந்தது. கிளம்பவில்லை.

“வேற யாரு என்னத்தக் கழட்டிருக்கீங்க? இப்பவே சொல்லிருங்க!” என்று அண்ணன் தெருவைப் பார்த்துக் கத்தினார். மேல்வீட்டுக்காரர் என்ஜினுக்குள் தலையை விட்டுத் துழாவினார். ஒரு மூடியைக் கழற்றிப் பார்த்து, “ரோட்டாரக் காணோம்” என்றார். என்ஜினுக்குள் மின்சாரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கிற ஒரு சின்னத் துண்டாம் அது. அது இல்லாவிட்டால் எத்தனை பெரிய காரும் அசையாதாம்.

யார் எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த “ம்” என் காதில் கேட்டது.

இவர் வர மதியம் தாண்டிவிடும். அண்ணன் கார்க் கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து வியர்வை வழிந்தது. என் வீட்டு ஃபேன் பத்தடி தூரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது; அவர் வர மாட்டார். ஒரு சொம்பு மோரைக் கொண்டுபோய் நீட்டினேன். ஒரு நிமிஷம் யோசித்தார். வாங்கிக் குடித்தார். இன்னும் கொஞ்சம் இருக்கா என்று கேட்டார். நான் அடுப்படிக்கு ஓடிய வேகத்தில் நிலைப்படியில் இடித்துக்கொண்டேன்.

இவர் டிபன் கேரியரோடு சைக்கிளில் வந்து இறங்கினார். மச்சானைப் பார்த்ததும் கும்பிட்டார்.

“மாப்ளே, ஒரு சாமானக் காணோம்” என்றார் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“நான்தான் எடுத்தேன் மச்சான்.”

“எங்க இருக்கு?”

“ஃபேக்டரியில. என் பெட்டியில.”

வீட்டில் வைத்தால் திருடன் வீட்டையும் துழாவுவான் என்று, முதல் நாளே அதைக் கழற்றி டிபன் கேரியரில் வைத்து உள்ளே கொண்டுபோயிருக்கிறார். நாட்டிலேயே அதைவிடப் பத்திரமான இடம் ஏது? துப்பாக்கியோடு காவல், சுற்றிலும் முள்கம்பி. “அப்ப போய் எடுத்துட்டு வாங்க” என்றார் அண்ணன். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“உள்ள போகும்போது யாரும் பாக்க மாட்டாங்க மச்சான். வெளிய வரும்போது ரசப் பாத்திரத்தக்கூடத் தட்டிப் பாப்பாங்க. வண்டி சாமான் எது கையில இருந்தாலும் சர்க்கார் சொத்தத் திருடினதா ஆயிடும். வேலையே போயிடும். பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்ட பாஸ் வேணும். நீங்க வர்ற நாள் நெருங்குதேன்னு காலையில இருந்து அவரத் தேடுறேன், அகப்படல.”

இவர் என் அண்ணனிடம் அதுவரை பேசிய எல்லாவற்றையும் கூட்டினாலும் இவ்வளவு நீளம் வராது. அண்ணன் வெடித்தார். ஒரு காரைப் பாத்துக்கச் சொன்னா ஊரே சேர்ந்து பிரிச்சு மேஞ்சிருக்கீங்களே, திருடன்கூட முழுசாத்தானே கொண்டுபோயிருப்பான் என்றார். நட்டு முறுக்கறவன் புத்தி என்று அவர் ஆரம்பித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

“போதும் நிறுத்துங்க! கார் திருட்டுப் போச்சா? ஒரு கீறல் இருக்கா? வேலை போனாலும் பரவால்லன்னு உங்களுக்காக உள்ள கொண்டுபோய் வச்சிருக்காரு. உங்க தங்கச்சி வீட்டுக்காரர்ங்கிறதுக்காகத்தானே? இல்லன்னா இந்தத் தகர டப்பா அவருக்கு என்னத்துக்கு?”

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுக்காரர், தனக்குத்தானே சொல்வது போல, “இனிமே இந்தக் காரைத் திருடணும்னா, திருடன் எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சி, பரீட்ச எயிதி, உள்ள வேலைக்கி சேந்துதான் வரணும்” என்றார்.

அண்ணன் அவரை முறைத்தார். முறைத்துக்கொண்டிருக்கும்போதே உதடு துடித்தது. சிரித்துவிட்டார். சின்ன வயசில் அம்மா முதுகில் இரண்டு வைத்தாலும் நிறுத்த முடியாத அதே சிரிப்பு. காரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

டாக்சி பிடித்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் காரை விட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. “இன்னும் என்னென்னத்தக் கழட்டுவீங்களோ, நான் நகர மாட்டேன்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். என் வீட்டுக்குள் வந்தார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் அப்பளமும்தான் அன்றைக்கு. மூன்று தடவை சோறு வாங்கினார். எனக்கென்று எடுத்து வைத்திருந்த அப்பளத்தையும் அவர் தட்டிலேயே போட்டேன்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் கதவோரமாக நின்ற பிள்ளையைக் கூப்பிட்டார். அவள் போய் எதிரே நின்றாள். காது மடலில் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். “என்ன இது?” என்றார்.

“கம்மல்” என்றாள் அவள். “நிஜக் கம்மலுக்கு மாமா மடி வேணுமாம். மாமா பிசியாம்.”

அண்ணன் எழுந்து காரைப் பார்ப்பதுபோல வெளியே போனார்.

சாயங்காலம் இவர், அந்த அதிகாரியின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் அண்ணனும் கூடத்தில் உட்கார்ந்து பழைய கதை பேச ஆரம்பித்தோம். கோவில்பட்டி வீட்டில் கோழிக்குஞ்சு என்று நினைத்து காக்கைக் குஞ்சை வளர்த்தது, நான் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று நெல்லுக் குதிருக்குள் ஒளிந்துகொண்டது, என்னைத் தேடி அவர் கிணற்றுக்குள் இறங்கியது. நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் திரும்பி வந்தார். உள்ளே வராமல் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார்.

“ஆள் கெடச்சாரா மாப்ளே?” என்று கேட்டார் அண்ணன்.

“இல்ல மச்சான். திங்கக்கிழமைதான்.”

ஞாயிற்றுக்கிழமை காலை குழாயடியில் துணி ஊறவைக்க உட்கார்ந்தேன். இவருடைய காக்கிப் பேண்டின் பாக்கெட்டை உதறியபோது ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் அளவு, பழுப்பு நிறம், தலையில் ஒரு பித்தளைத் தகடு. நான் அதற்கு முன்னால் ரோட்டாரைப் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

அதிகாரி நேற்றே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இவரும் தொழிற்சாலைக்குப் போய், காவலர்களிடம் பாஸைக் காட்டி, இதை வெளியே கொண்டுவந்துவிட்டார். இதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் வாசலில் நின்று நான் சிரிப்பதைப் பார்த்திருக்கிறார். அப்புறம்தான் திங்கட்கிழமை என்று சொல்லியிருக்கிறார். எட்டு வருஷமும் அண்ணனை நினைத்து நான் அழுததெல்லாம் இவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்தத் துண்டை முந்தானையில் துடைத்து, உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த இவருடைய துவைத்த சட்டைப் பாக்கெட்டில் போட்டேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பாயில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிள்ளை அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு படம் பார்த்தாள்.

“மாப்ளே, நாளைக்கு மொத வேலையா அந்தப் பாஸ வாங்கிருவீங்கள்ல?” என்று கேட்டார்.

இவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“திங்கக்கிழமையெல்லாம் அங்க கையெழுத்து வாங்க முடியாதுண்ணே. செவ்வாக்கிழமைதான்.”

இவர் என்னைப் பார்த்தார். பிறகு அவசரமாகத் தலையாட்டி, “ஆமா மச்சான், செவ்வாக்கிழமைதான்” என்றார்.

“செவ்வாயா?” அண்ணன் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். பிறகு பிள்ளையைத் தூக்கி மடியில் உட்காரவைத்து, அவள் காதில் இருந்த பொட்டை மெதுவாக உரித்து எடுத்தார்.

“அப்ப நாளைக்கு நான் சும்மாதான இருக்கேன். ஆசாரிய வரச் சொல்லு” என்றார்.